கோவில்பட்டியில் நான் கறி வாங்கும் கடை: போகலாமா, வேண்டாமா?

ஆட்டுக்கறி எலும்போடு கிலோ 900 ரூபாய். தனிக்கறி கேட்டால் 1,100. ஈரலும் கறி விலைதான். தலை, கால், குடல் எல்லாம் பேசி வாங்கலாம். சுவரொட்டி, அதாவது ஆட்டின் மண்ணீரல், ஒன்று 80 ரூபாய், ஆனால் காசு இருந்தால் மட்டும் போதாது, முதல் நாளே சொல்லி வைக்க வேண்டும். கடையின் பெயரை எழுதப் போவதில்லை. நல்லதாகச் சொன்னால் விளம்பரம் என்பார்கள், குறை சொன்னால் வம்பாகிவிடும். அதற்குப் பெயர்ப்பலகையும் கிடையாது. 'வெள்ளாட்டுக் கறி' என்று சிவப்புப் பெயிண்டில் எழுதிய தகரம் ஒன்று தொங்கும், அவ்வளவுதான்.

நான் ஒரு லேப்பில் வேலை பார்க்கிறேன். ரத்தம் எடுத்து ஹீமோகுளோபின், சர்க்கரை, கொழுப்பு பார்த்துச் சொல்லும் வேலை. அதனால் கறிக்கடையைப் பற்றி எழுத உட்கார்ந்தால் ருசியோடு நிறுத்திக்கொள்ள முடியவில்லை. இன்னொரு காரணமும் உண்டு. பெங்களூரில் வேலை பார்க்கும் என் அக்கா மகன் வீகன் ஆகிவிட்டான். கறி, மீன், முட்டை மட்டுமில்லை, பால், தயிர்கூடத் தொடுவதில்லை. லீவுக்கு வந்தவன் ஒரு ஞாயிற்றுக்கிழமை என்னோடு கடைவரை வந்தான். உள்ளே வராமல் வாசலில் நின்றுகொண்டு, "இது அவசியமா சித்தி?" என்று கேட்டான். அவனுக்குச் சொன்னதும், சொல்ல முடியாமல் போனதும் இதில் இருக்கிறது.

முதலில் கடை. ஞாயிறு காலை ஐந்தரைக்கு வண்டி வந்துவிடும். தோலுரித்த ஆடுகள் முழுதாக இறங்கும், தொடையில், ஆடு அறுக்கும் இடமான ஆட்டுத்தொட்டியின் முத்திரை ஊதா மையில் தெரியும். வாலை வெட்டாமல் விட்டிருப்பார் கடைக்காரர் பாய். வெள்ளாட்டு வால் குட்டையாக மேலே தூக்கிக்கொண்டிருக்கும், செம்மறி வால் தொங்கும். கிடாய்தான் என்று காட்ட விதையையும் விட்டிருப்பார். செம்மறியை வெள்ளாடு என்று சொல்லி விற்பது, பெட்டையைக் கிடாய் என்று சொல்லி விற்பது எல்லாம் பழைய வித்தைகள். விவரம் தெரிந்தவர்கள் வாலைப் பார்த்துவிட்டுத்தான் விலை கேட்பார்கள். இந்தக் கடையில் அந்த வித்தை நடந்து நான் பார்த்ததில்லை.

அடிக்கட்டை புளியங்கட்டை. நடுவில் நன்றாகக் குழிந்துவிட்டது. வியாபாரம் முடிந்ததும் கல்லுப்பும் மஞ்சளும் போட்டுத் தேய்த்துச் சுரண்டுவார்கள். தராசு நம் பக்கம் பார்த்திருக்கும். எடை கூடுவதற்காகக் கறியில் தண்ணீர் அடிக்கும் வேலை கிடையாது. ஆனால் அரைக்கிலோ சொன்னால் கொழுப்பில் ஒரு துண்டை நைசாக உள்ளே தள்ளிவிடுவார். வேண்டாம் என்றால் முகம் கோணாமல் எடுத்துவிடுவார், சொல்லாவிட்டால் போனது போனதுதான். ஈ மொய்க்காமல் இருக்கக் கண்ணாடியோ வலையோ இல்லை. பிளாஸ்டிக் தடை வந்த 2019-லிருந்து கொஞ்ச காலம் தேக்கு இலையில் கட்டிக் கொடுத்தார்கள். இப்போது மறுபடி கறுப்புப் பை எட்டிப் பார்க்கிறது. தூக்குவாளி கொண்டுபோய்விடுவது நல்லது.

ருசி பற்றிப் பெரிதாக எழுத ஒன்றுமில்லை. இளங்கிடாய்க் கறி, குக்கரில் நாலைந்து விசில். மல்லி, மிளகாய் வறுத்து அரைத்த குழம்புக்கு அருமையாக இருக்கும்.

சரி, அக்கா மகன் கேட்ட கேள்விக்கு வருவோம். ஆடு எங்கிருந்து வருகிறது என்று கேட்டால் பாய் மழுப்பாமல் சொல்வார். பெரும்பாலும் எட்டயபுரத்தில் சனிக்கிழமை கூடும் ஆட்டுச் சந்தை. மற்றபடி சுற்றுப்பட்டிக் கிராமங்களில் நேரே போய்ப் பிடிப்பது. கன்னி ஆடும் கொடி ஆடும்தான் அதிகம். கன்னி ஆட்டை யாரும் அடையாளம் கண்டுகொள்ளலாம், கறுப்பு உடம்பு, முகத்தில் இரண்டு பக்கமும் இறங்கும் வெள்ளைக் கோடு. இரண்டும் இந்தத் தெற்கத்திக் கரிசலுக்கும் வெயிலுக்கும் பழகிய இனங்கள்.

இந்தக் கரிசல் காட்டில் வானத்தை நம்பித்தான் வெள்ளாமை. மக்காச்சோளம், உளுந்து, பாசி, பருத்தி, மிளகாய் எல்லாம் எடுத்து முடித்த பிறகு, அடுத்த மழைவரை நிலம் சும்மாதான் கிடக்கும். மனிதன் தின்கிற எதுவும் அந்தக் கோடையில் அங்கே முளைக்காது. பருத்திமாரில் ஒட்டியிருக்கும் இலை, காய்ந்த உளுந்தங்கொடி, ஓடைக்கரைப் புல், கருவேல நெற்று, இதைத் தின்றுதான் ஆடு வளர்கிறது. ராத்திரி ஆடுகளை நிலத்திலேயே அடைத்துக் கிடை போட்டால் புழுக்கையும் மூத்திரமும் நிலத்துக்கு உரம். அதற்கு நிலக்காரர் கிடைக்காரருக்குக் காசும் கொடுப்பார். ஆட்டுக்கறிக்காக யாரும் இங்கே காட்டை அழிக்கவில்லை, தனியாகத் தீவனம் விதைக்கவில்லை.

அதே காட்டில் விளையும் மக்காச்சோளம் எங்கே போகிறது என்று கேட்டால்தான் வேடிக்கை. பெரும்பாலும் லாரி ஏறிக் கோழித் தீவனத்துக்குப் போகிறது. அதைத் தின்னும் பிராய்லர் கோழி ஆறு வாரத்துக்குள் இரண்டு கிலோ தொட்டுவிடும். நெஞ்சுக்கறி பெருக்க வேண்டும் என்றே இனம் கட்டியதில், தன் எடையைக் காலால் தாங்க முடியாமல் உட்கார்ந்தே கிடக்கும் கோழிகள் உண்டு. மனிதருக்கு வேறெந்த மருந்தும் கேட்காதபோது கடைசியாகக் கொடுக்கும் கொலிஸ்டின் என்ற ஆன்டிபயாடிக்கைக் கோழிப் பண்ணைகளில் பயன்படுத்தக் கூடாது என்று மத்திய அரசு 2019-ல்தான் தடை போட்டது. எந்த மருந்துக்கும் மசியாத கிருமி என்று ரிப்போர்ட் டைப் அடிக்கும்போதெல்லாம் எனக்கு அந்தக் கோழிகள் நினைவுக்கு வரும். ஆட்டைக் கொல்வது பாவம், நான் முட்டை மட்டும்தான் என்று சொல்பவர்களுக்கும் ஒரு சேதி. முட்டைக்கோழி இனத்தில் பொரிக்கும் சேவல் குஞ்சுகளால் யாருக்கும் லாபம் இல்லை, பொரித்த அன்றே கொன்றுவிடுகிறார்கள். கறவை மாடு ஈனும் காளைக் கன்று கடைசியில் எந்த லாரியில் ஏறுகிறது என்பதும் ஊரறிந்த விஷயம்.

இதைச் சொன்னதும் அக்கா மகன், "அதனாலதான் சித்தி நான் பாலையும் விட்டேன்" என்றான். நான் அவனை மடக்கலாம் என்று எடுத்த பேச்சு, அவன் பக்கம் போய் நின்றது. அப்புறம் அவனே இன்னொன்றும் சொன்னான். ஆடு அசைபோடும் பிராணி, அதன் ஏப்பத்தில் மீத்தேன் போகிறது, கிலோவுக்குக் கிலோ கணக்குப் பார்த்தால் பூமியைச் சூடாக்குவதில் கோழியைவிட ஆடு எவ்வளவோ மோசம். உண்மைதான். ஆனால் அந்தக் கணக்கை வைத்துக்கொண்டு ஆட்டை விட்டுக் கோழிக்கு மாறு என்று சொன்னால், ஒரு கிடாய் தரும் கறிக்கு எட்டுப் பத்துக் கோழிகள் ஷெட்டுக்குள் கிடந்து சாக வேண்டும். எனக்கு அது சரியாகப் படவில்லை. குறைத்துத் தின்பது ஒன்றுதான் இரண்டு கணக்குக்கும் ஒத்துவருகிறது. எங்கள் வீட்டில் நாலு பேருக்கு வாரத்துக்கு அரைக்கிலோ, அதுவும் எலும்போடு. புரட்டாசியில் மாமியாருக்காக அதுவும் கிடையாது. அந்த மாதம் முழுக்க பாய் தினத்தந்தியை முதல் பக்கத்திலிருந்து கடைசிப் பக்கம்வரை படித்துக்கொண்டிருப்பார்.

இந்தக் கடையின்மேல் எனக்கு இருக்கும் பெரிய குறையை இங்கே சொல்லிவிடுகிறேன். சாதாரண ஞாயிறுகளில் ஆட்டுத்தொட்டியில் அறுத்துத்தான் வரும். தீபாவளிக்கு மட்டும் கூட்டம் தாங்காது என்று கடைக்குப் பின்னாலேயே அறுத்தார்கள். நான் போனபோது மூன்று கிடாய்களைச் சுவரோரம் கட்டியிருந்தார்கள். ஒன்று அகத்திக்குழையைக் கடித்துக்கொண்டிருந்தது. மற்ற இரண்டும் கயிறு கழுத்தை இறுக்க, எவ்வளவு பின்னால் போக முடியுமோ அவ்வளவு போய்ச் சுவரோடு ஒட்டி நின்றன. நாலடி தூரத்தில் அறுப்பு நடந்துகொண்டிருந்தது. ஒரு பையன் செல்போனில் படம் எடுத்துக்கொண்டிருந்தான். ஒரு பிராணியின் கண்ணெதிரே இன்னொன்றை அறுக்கக் கூடாது என்று 2001-ல் மத்திய அரசு போட்ட விதியிலேயே இருக்கிறது. சினை ஆட்டை அறுக்கக் கூடாது, மூன்று மாதத்துக்குக் குறைந்த குட்டியை அறுக்கக் கூடாது என்பதும் அதில் உண்டு. கறி தின்பவளாக இருந்துகொண்டு இதைக் கேட்க எனக்கு உரிமை இருக்கிறதா என்று சிலர் சிரிக்கலாம். தின்பவள் கேட்காமல் வேறு யார் கேட்பது? காசு கொடுப்பவள் நான்தானே.

கேட்டேன். "கூட்டம் தாங்கலம்மா, என்ன செய்யச் சொல்றீங்க?" என்றார் பாய். அடுத்த பண்டிகைக்கு ஒரு தார்ப்பாய் கட்டியிருந்தார். பாதிதான் மறைத்தது. அந்தத் தீபாவளிக்கு நான் வாங்காமல் திரும்பிவிட்டேன். கோபித்துக்கொண்டு அல்ல, பார்த்த பிறகு இறங்காது என்பதால்.

இந்தக் கதையை அக்கா மகனிடம் சொன்னேன். அவன் தார்ப்பாயைப் பற்றி ஒன்றும் சொல்லவில்லை. "ஆடு நல்லா வாழ்ந்துச்சு, காடெல்லாம் மேய்ஞ்சுச்சுன்னு சொல்றீங்க. அப்போ அது இன்னும் கொஞ்ச நாள் வாழத்தானே ஆசைப்பட்டிருக்கும்?" என்றான். இதற்கு என்னிடம் பதில் இல்லை. நல்லபடியாக வாழ்ந்தது என்பதையே கொல்வதற்குக் காரணமாகக் காட்டுவது யோசித்துப் பார்த்தால் கோணலாகத்தான் இருக்கிறது. மேய்க்கிற குடும்பத்துக்கு ஆடுதான் பேங்க், பிள்ளைக்கு ஃபீஸ் கட்டவும் ஆஸ்பத்திரிச் செலவுக்கும் கிடாயைத்தான் பிடித்து விற்கிறார்கள், விலை போகாத கிடாயை யார் வளர்ப்பார்கள் என்று சொல்லிப் பார்த்தேன். "அது வியாபாரம் சித்தி, நியாயம் இல்ல" என்றான்.

கறி வெட்டிக்கொண்டே கேட்டுக்கொண்டிருந்த பாய், "வாங்க ஆள் வரலைன்னா நான் ஏன் தம்பி அறுக்கப் போறேன்?" என்றார். புலால் மறுத்தல் அதிகாரத்தில் வள்ளுவர் சொன்னதும் இதைத்தான், தின்பதற்காக உலகம் கொல்லாது என்றால் விலைக்கு ஊன் விற்பவரும் இருக்க மாட்டார் என்று. பாய்க்கு அந்தக் குறள் தெரியுமோ தெரியாதோ, திருவள்ளுவர் தினத்துக்குக் கடை சாத்த வேண்டும் என்பது நன்றாகத் தெரியும். பொங்கலுக்கு மறுநாள், ஊரே கறி கேட்கும் நாளில் அவருக்கு லீவு. வள்ளலார் நினைவு நாள், மகாவீர் ஜெயந்தி, காந்தி ஜெயந்திக்கும் அப்படித்தான். எது எப்படியோ, கத்தி அவர் கையில் இருக்கிறது என்பதால் பழி முழுவதும் அவர் தலையில் இல்லை. அரைக்கிலோ சொல்லிவிட்டு நிற்கிற எனக்கும் பங்கு உண்டு.

உடம்புக்குக் கறி அவசியமா என்பதற்கு மட்டும் என்னால் கொஞ்சம் தெம்பாகப் பதில் சொல்ல முடியும்.

புரதத்துக்காக என்றால் அவசியம் இல்லை. ஆட்டுக்கறியில் 100 கிராமுக்கு 20 கிராம் அளவுக்குப் புரதம். மளிகைக் கடையில் தொங்கும் மீல் மேக்கரில் 50 கிராமுக்கு மேல், விலையோ பல மடங்கு குறைவு. காய்ந்த எடைக்கும் பச்சை எடைக்கும் ஒப்பிடுவது சரியில்லை என்பீர்கள், ஒப்புக்கொள்கிறேன், அப்படியும் காசுக்குக் கணக்குப் போட்டால் மீல் மேக்கர்தான் ஜெயிக்கும். பருப்பும் கடலையும் அப்படித்தான். அக்கா மகனுக்கு நானே ரத்தம் எடுத்துப் பார்த்தேன். ஹீமோகுளோபின் 14-க்கு மேல். செடி கொடி எதிலும் இயற்கையாகக் கிடைக்காத பி12 சத்துக்கு மாத்திரை போட்டுக்கொள்கிறான், அதுவும் நார்மல். அதை மட்டும் விட்டுவிடாதே என்று சொல்லி அனுப்பினேன். ஈரலில் பி12 சேமிப்பு வருஷக்கணக்கில் இருக்கும் என்பதால் தட்டுப்பாடு உடனே தெரியாது, கால் மரத்துப்போன பிறகு ஓடி வருவார்கள்.

இரும்புச் சத்து வேறு கதை. தமிழ்நாட்டில் 15 வயதுக்கு மேற்பட்டவர்களில் 97 சதவீதத்துக்கு மேல் அசைவம் சாப்பிடுகிறவர்கள் என்று 2014-ல் எடுத்த மத்திய அரசுக் கணக்கு சொல்கிறது. 15 வயது முதல் 49 வரை உள்ள தமிழ்நாட்டுப் பெண்களில் 53 சதவீதம் பேருக்கு ரத்தசோகை என்று 2019-21 தேசியக் குடும்ப நலக் கணக்கெடுப்பு சொல்கிறது. இத்தனை பேர் கறி தின்னும் ஊரில் பாதிக்கு மேல் பெண்களுக்கு எப்படி ரத்தம் இல்லாமல் போகும்? லேப் ஸ்டூலில் உட்கார்ந்தால் தெரிந்துவிடும். தீப்பெட்டி ஆபீஸில் வேலை பார்க்கும் ஒரு பெண், ஹீமோகுளோபின் 8-ஐ ஒட்டி. நகத்தை அழுத்திவிட்டால் சிவப்பு திரும்பவே நேரமாகிறது.

"வாரம் ஒருநாளாவது கறி எடுப்பீங்களா?"

"எடுப்போம்க்கா, ஞாயித்துக்கிழமை."

"நீங்க எத்தனை துண்டு சாப்பிடுவீங்க?"

சிரிக்கிறாள். "எனக்குக் குழம்பு போதும்க்கா."

துண்டு வீட்டுக்காரருக்கும் பிள்ளைகளுக்கும், அதிலும் மகனுக்கு ஒன்று கூடுதல். சட்டியில் கடைசியாக மிஞ்சும் எலும்பும் குழம்பும் அவளுக்கு. கறி தின்பது நியாயமா என்ற வாதத்தில் இந்தப் பெண்ணை யாரும் சேர்த்துக்கொள்வதே இல்லை. அவள் அசைவக் கணக்கில் இருக்கிறாள், கறி அவள் தட்டுக்கு வரவில்லை.

அதனால்தான் இந்தக் கடையில் நான் முக்கியமாக வாங்குவது சுவரொட்டி. மண்ணீரல் என்றால் பாய்க்கே புரியாது. ஓர் ஆட்டுக்கு ஒன்றுதான், உள்ளங்கைக்குள் அடங்கும். அமெரிக்க வேளாண்துறையின் உணவு அட்டவணையில் செம்மறிக்குட்டி மண்ணீரலுக்கு 100 கிராமுக்குச் சுமார் 42 மில்லிகிராம் இரும்பு போட்டிருக்கிறார்கள். அதே அட்டவணையில் ஈரலுக்கு 7-ஐ ஒட்டி. வெறும் கறியில் இரண்டு மூன்று மில்லிகிராம் இருந்தால் அதிகம். கறியில் இருக்கும் இரும்பில் கால்பங்கு அளவுக்கு உடம்பில் சேரும். கீரை, தானியத்தில் இருப்பது பெரும்பாலும் பத்தில் ஒரு பங்கைத் தாண்டாது. எலுமிச்சையோ நெல்லிக்காயோ சேர்த்தால் கொஞ்சம் கூடும், சாப்பிட்ட கையோடு டீ குடித்தால் அதுவும் போச்சு.

மேலே இருக்கும் மெல்லிய சவ்வை உரித்துவிட்டு, சின்னத் துண்டுகளாக நறுக்கி, நல்லெண்ணெயில் சின்ன வெங்காயம் வதங்கியதும் போட்டு, மிளகுத்தூள் தூவினால் போதும். நிறம் மாறி உள்ளே வெந்ததும் இறக்கிவிட வேண்டும். அடுப்பிலேயே விட்டால் ரப்பர் ஆகிவிடும். வயதுக்கு வந்த என் மகளுக்கு மாசத்தில் சில வாரம் இது உண்டு.

இதை வைத்துச் சுவரொட்டிதான் மருந்து என்று யாரும் கிளம்பிவிட வேண்டாம். ஊரில் ரத்தம் குறைந்த அத்தனை பெண்களுக்கும் சுவரொட்டி கொடுப்பதென்றால் எட்டயபுரம் சந்தை மொத்தமும் காணாது. ஆரம்ப சுகாதார நிலையத்தில் சும்மா தரும் இரும்பு மாத்திரையைத் தூக்கிப் பரணில் போடாமல் விழுங்குவதுதான் முதல் வேலை. கர்ப்பிணிகள் ஈரலை அளவுக்கு மீறிச் சாப்பிடக் கூடாது, வைட்டமின் ஏ அதிகமாகிவிடும். என் வீட்டுக்காரர் யூரிக் ஆசிட் ஏறிக் கால் கட்டைவிரல் வீங்குகிற ஆள், அவருக்கு ஈரல், சுவரொட்டி எதுவும் கிடையாது. தட்டை வேகமாக எடுத்துவிடுவேன். உலக சுகாதார நிறுவனத்தின் புற்றுநோய் ஆய்வு அமைப்பு 2015-ல் ஆட்டுக்கறி, மாட்டுக்கறி போன்ற சிவப்புக் கறிகளைப் புற்றுநோய் வர வாய்ப்புள்ளவை வரிசையில் வைத்தது, சாசேஜ் போலப் பதப்படுத்தியவற்றைச் சந்தேகமே இல்லாத வரிசையில் வைத்தது. தினம் தின்பவர்கள் யோசிக்க வேண்டியது அது. வாரம் அரைக்கிலோவை நாலு பேர் பிரித்துக்கொள்ளும் வீட்டில் நான் அதற்காகத் தூக்கத்தைக் கெடுத்துக்கொள்ளவில்லை.

மதிப்பெண் கேட்டால் ஐந்துக்கு மூன்றரை. தீபாவளிக்கு ஒன்று போனது, கொழுப்புத் துண்டுக்கு அரை. நான் தொடர்ந்து வாங்கத்தான் போகிறேன். அக்கா மகனை மாற்றவும் போவதில்லை, அவன் வந்தால் மீல் மேக்கர் குழம்பு தனியாக வைக்கிறேன், மசாலா ஒன்றுதான்.

போகிறவர்களுக்கு: எட்டு மணிக்கு மேல் போனால் நெஞ்சுக்கறியும் சந்துக்கறியும் தீர்ந்திருக்கும். ஜிபே உண்டு. வண்டியை எதிரே உள்ள டீக்கடை ஓரம் விடலாம், கேட்டுவிட்டு விடுங்கள். சுவரொட்டிக்குச் சனிக்கிழமை இருட்டுவதற்குள் சொல்லிவிட வேண்டும். "யாருக்கு?" என்று பாய் கேட்பார். வயசுப் பிள்ளைக்கு, ரத்தம் கம்மியாக இருக்கிறது என்றால் எப்படியாவது ஒன்று எடுத்து வைத்துவிடுவார். சரக்குக்குத் தொட்டுக்கொள்ள என்று தெரிந்தால், ஆடு இன்னும் வண்டியிலிருந்தே இறங்கியிருக்காது, "தீர்ந்துபோச்சு தம்பி" என்பார்.